சந்தேக மேசை

தகர டிரம்மில் நீர் சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் இரண்டு விரல் பாக்கி இருந்தது. மீட்டர் பார்ப்பவரின் ஒரு கை குழாயின் திருகில். மறு கை, பேச வாயெடுத்த பெண்ணை நோக்கி, கொஞ்சம் பொறு என்று காற்றில் நின்றது. நீர் கோட்டைத் தொட்டது. திருகை மூடி, குனிந்து மீட்டரைப் படித்து, அட்டையில் எழுதிய பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

“இப்ப கேளுங்கம்மா.”

“தொகுதியோட வரலாறு வேணும் சார். ஓட்டு எண்ணுற அன்னைக்கு எங்க பத்திரிகையில முழுப்பக்கம் போடுறோம். எந்த வருஷம் யார் ஜெயிச்சாங்க, எவ்வளவு வித்தியாசம். உங்களைக் கேட்டாலே போதும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஒரு தடவை சரிபார்த்துக்கணும்” என்று சொல்லி டிரம்மின் அடைப்பைப் பிடுங்கினார். ஐம்பது லிட்டரும் சுழித்துக்கொண்டு இறங்கியது.

மீட்டர் சோதனை அறை குடிநீர் வாரியக் கட்டடத்தின் பின்கட்டில் இருக்கிறது. அலமாரி நிறைய மீட்டர்கள், கழுத்தில் முகவரிச் சீட்டோடு. ‘மீட்டர் குதிரையாக ஓடுகிறது’ என்று புகார் கொடுத்தவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் சரியாக ஐம்பது லிட்டரை ஓட விடுவார். ஐம்பது காட்டினால் மீட்டர் சரி, வீட்டில்தான் எங்கோ ஒழுகுகிறது. வேறு எண் காட்டினால் மீட்டர் பழுது. இதில் வாதத்துக்கு இடமில்லை என்றாலும் வாதாட வருகிறவர்களுக்குக் குறைவில்லை. மீட்டரின் வயிற்றில் கம்பியை விட்டு ஆட்டியவர்கள் கையோடு ஒரு கதையும் கொண்டுவருவார்கள். “கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றான் பாருங்க, அவன் மீட்டரைத்தான் முதல்ல திறக்கணும்” என்பது முப்பத்து நான்கு வருடத்தில் அவர் கற்ற பாடம்.

ஆறு மாதத்தில் ஓய்வு. இந்தத் தேர்தலோடு, வாக்கு எண்ணும் கூடத்தில் அவர் பார்க்கும் இன்னொரு வேலையும் முடிகிறது. செய்தித்தாள் பெண் தேடி வந்தது அந்த வேலையைப் பார்ப்பவரைத்தான்.

“முதல் தேர்தல்” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. “நாலாயிரத்து நூத்துப் பதினேழு.”

அவள் எழுதிக்கொண்டாள். “வித்தியாசமா சார்?”

“செல்லாத ஓட்டு.”

“ஜெயிச்சது?”

“வக்கீல். அது தொகுதி அலுவலகத்துப் பலகையிலேயே இருக்கும்மா, பெயின்ட்ல எழுதி. நான் சொல்றது பலகையில இருக்காது.”

ஐம்பது வருடத்தில் பத்துத் தேர்தல், ஓர் இடைத்தேர்தல். அந்தச் சட்டமன்றத் தொகுதியின் கதையை அவருக்கு ஒரே வழியில்தான் சொல்லத் தெரியும். பழைய எண்களை, செல்லாத ஓட்டுகளைப் பார்க்கும் மேசையில் அவருக்கு முன்னால் இருந்தவர் வாய்வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் தேர்தலில் ஜனங்களுக்குப் பெட்டி என்றால் மனுப்பெட்டி. வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில், எங்கள் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள்.

“குழாய் வந்துச்சா சார்?”

“நாலு வருஷம் கழிச்சு வந்துச்சு. ஓட்டுதான் செல்லல.”

இரண்டாவதிலும் வக்கீல், செல்லாதது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மூன்றாவதில் வக்கீலை எதிர்த்து அவருடைய தங்கை கணவரே நின்றார். “குடும்பத்துல எதுக்குச் சண்டைன்னு ஆயிரத்து முந்நூத்துத் தொண்ணூறு பேர் ரெண்டு பேருக்குமே போட்டுட்டாங்க.” தங்கை கணவர் வென்று, இரண்டே வருடத்தில் இறந்துபோனார். இடைத்தேர்தலில் அந்தத் தங்கை நின்று வென்றாள். அன்று கொட்டும் மழை, செல்லாதது எண்பத்தெட்டு. “நனைஞ்சு வர்றவங்க தப்பாப் போட மாட்டாங்கம்மா.” நான்காவதிலும் அவளே. ஐந்தாவதற்கு முன்னால் எல்லையை மாற்றினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பதினோரு தெருக்கள் பக்கத்துத் தொகுதிக்குப் போய், கல்குவாரிக் குடியிருப்புகள் இங்கே வந்து சேர்ந்தன. சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள், சீட்டிலும் கட்டைவிரலை வைத்துவிட்டார்கள். அறுநூற்று இருபது. ஆனாலும் குவாரிச் சங்கத் தலைவர்தான் வந்தார். ஆறாவதிலும் அவர்தான்.

“ஏழாவது?” அவளுக்கு வேண்டியது ஏழாவதுதான். பக்கத்தைத் திருப்பிப் புதுத் தாளில் பேனாவை வைத்தாள்.

“முந்நூத்துப் பதினொண்ணு.”

காத்திருந்தாள். “அதுல என்ன விசேஷம் சார்?”

“ஒண்ணும் இல்ல. முந்நூத்துப் பதினொண்ணு.” அடுத்த மீட்டரை எடுத்துக் குழாயில் பொருத்தத் தொடங்கினார்.

“அந்த வருஷம்தானே ரெண்டு பேருக்கும் சமமா வந்து சீட்டுப் போட்டு எடுத்தாங்க? மருந்துக்கடைக்காரர் சொன்னார். உங்க அம்மா போட்ட ஓட்டுனாலதான் அந்தச் சமமே வந்துச்சாமே. சாயங்காலம் அவங்களைப் போய்ப் பார்க்கப்போறேன் சார். போட்டோவும் எடுக்கணும்.”

“பாருங்க” என்று திருகைத் திறந்தார். வாஷர் போட மறந்திருந்தார். தண்ணீர் இணைப்பிலிருந்து பீறிட்டு, அவள் நோட்டையும் அவர் கண்ணாடியையும் நனைத்தது. அந்த அறையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

வாக்கு எண்ணும் கூடத்தில் பன்னிரண்டு மேசைகள் உண்டு. அந்தப் பன்னிரண்டிலும் முடிவுக்கு வராத சீட்டுகள் பதின்மூன்றாவது மேசைக்கு வரும். கோப்புகளில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. மனிதர்கள் அதைச் சந்தேக மேசை என்கிறார்கள். அதில் உட்கார்கிறவர் சந்தேகம் சார். இருபது வருடத்தில் அந்தப் பெயர் கூடத்திலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து தெருவுக்கும் வந்துவிட்டது. மனைவி மட்டும் கோபம் வரும்போதுதான் எடுப்பாள். “சந்தேகம் சார், சாப்பிட வர்றீங்களா, இல்ல அதுலயும் சந்தேகமா?”

மேசைக்குத் தேவையானதை வீட்டிலிருந்தே கொண்டுபோவார். ஒரு பூதக்கண்ணாடி, ஆள்காட்டி விரலுக்கு ரப்பர் உறை, ஒரு அடிக்கோல். இரண்டு தட்டுகள் கூடத்தில் தருவார்கள். எதிரில் வேட்பாளர்களின் முகவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சீட்டை விரிப்பார், அவர்களுக்குக் காட்டுவார், ஒரு சொல் சொல்வார். செல்லும். அல்லது, செல்லாது. ஒரு சீட்டுக்குப் பத்து விநாடி. அதற்கு மேல் யோசித்தால் சீட்டை விட்டுவிட்டு ஆளை யோசிக்கத் தொடங்கிவிடுவோம் என்பார்.

மேசைக்கு வந்த சீட்டுக்குரிய ஆளைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆள் இல்லாத கதைகளுக்குத் தடையில்லை. ஒருவர் ஐந்து பெயர்களுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். யாருக்கும் நாற்பதைத் தாண்டவில்லை. ஒருவர் எல்லாப் பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிப் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒரு சீட்டில் பருப்பு, உப்பு, நூல்கண்டு என்று கடைக்குப் போகும் பட்டியல். “அந்தம்மா கடையில எதைக் கொடுத்திருப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டவர்கள்தான் சிரிக்க வேண்டும்.

ஏழாவது தேர்தலைப் பற்றி மட்டும் அவரிடம் கதை கிடையாது.

அம்மாவுக்கு இப்போது எண்பது. பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் கோப்பை பார்த்தவள். முதல் சூட்டில் வெந்து வரும் கோப்பையைக் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு சிறு குச்சியால் விளிம்பில் தட்டுவார்கள். கிண் என்றால் நல்லது. டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், உடைத்துவிட வேண்டும். நல்ல கோப்பையின் அடியில் பார்த்தவளின் குறியை நீலத்தில் போட்டு மெருகுக்கு அனுப்புவார்கள். எட்டுப் பெண்கள், எட்டுக் குறிகள். அம்மாவின் குறி ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, கீழே பன்றிக்குட்டிக்கு இருப்பது போல ஒரு வால். அந்த வீட்டில் வேறு கோப்பை இருந்ததில்லை. எழுத்துக்கு முன்னால் மகன் படித்தது அந்தக் குறியைத்தான். கழுவிக் கவிழ்த்த கோப்பைகளின் அடிப்பக்கம் அடுப்படி அலமாரியில் வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வேலையை விட்டு இருபத்தைந்து வருடமாகியும் தட்டும் பழக்கம் போகவில்லை. கழுவ எடுக்கும் ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் தட்டுவாள். டொக் என்றால் அந்த நிமிடமே குப்பைக் கூடைக்கு. “விரிசல் விட்டதைத் தாட்சண்யம் பார்த்து வெச்சுக்கிட்டா, ஒருநாள் சூட்டோட மடியில கொட்டும்.” பூப்போட்ட ஒரு கோப்பையை மருமகள் ஆசைப்பட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இரண்டு நாள்கூட இருக்கவில்லை. ஓய்வின்போது தொழிற்சாலை கொடுத்த இரண்டு டஜனில் இப்போது மிச்சம் ஒன்பது.

ஏழாவது தேர்தலில்தான் அவர் முதன்முதலாகச் சந்தேக மேசையில் உட்கார்ந்தார். போட்டி லாரிக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு எண்ணி முடித்தார்கள். இவருக்குப் பதினெட்டாயிரத்து இருநூற்று ஆறு. அவருக்கும் பதினெட்டாயிரத்து இருநூற்று ஆறு. கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மறுபடி எண்ணினார்கள். அதேதான். மூன்றாவது முறையும் எண்ணினார்கள்.

முந்நூற்றுப் பதினோரு செல்லாத சீட்டுகளில் ஒன்றில், மருந்துக்கடைக்காரர் பெயருக்கு நேரே கட்டத்துக்குள் அளவெடுத்தது போல ஒரு பெருக்கல் குறி இருந்தது. சீட்டின் கீழ் மூலையில், ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வால்.

சட்டத்தின் வாசகம் அவருக்கு மனப்பாடம். வாக்களித்தவர் யார் என்று கண்டுகொள்ளக் கூடிய குறி எதுவும் இருந்தால் அந்த வாக்கு செல்லாது. முதல் இரண்டு முறை அந்தச் சீட்டை மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளினார். மூன்றாவது முறை மருந்துக்கடைக்காரரின் முகவர் விடவில்லை. அவர் தையற்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார்.

“கண்டுகொள்ளக் கூடிய குறின்னுதானே சார் போட்டிருக்கு? எங்க, கண்டுபிடிங்க பார்ப்போம். இது யார் போட்டது? இந்தக் கூடத்துல இருநூறு பேர் இருக்கோம். ஒருத்தர் சொல்லிட்டா நான் நாடாவைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுறேன்.”

லாரிக்காரரின் முகவரும் குனிந்து பார்த்தார். “என்னமோ கிறுக்கல். எனக்கும் தெரியல” என்றார். அந்த நேரத்தில் அப்படிச் சொன்னது பெரிய மனசு.

தையற்காரர் பதிலுக்குக் காத்திருந்தபடி தன் தேநீரின் கடைசி மடக்கைத் தலை நிமிர்த்திக் குடித்தார். கோப்பையின் அடிப்பக்கம் மேசைக்கு எதிரே உயர்ந்தது. நீல வட்டம், இரண்டு புள்ளி, வால். கூடத்துக்குத் தேநீர் வந்ததே அந்தத் தொழிற்சாலைக் கோப்பைகளில்தான். யாரும் கோப்பையை அடியில் பார்ப்பதில்லை.

வேறு யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அது செல்லும் ஓட்டு. அவருக்குத் தெரிந்ததால் மட்டுமே செல்லாத ஓட்டு. எனக்கும் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தொகுதி மருந்துக்கடைக்காரருக்கு. பத்து விநாடி எப்போதோ முடிந்திருந்தது.

“செல்லாது” என்றார்.

தேர்தல் அதிகாரி இரண்டு துண்டுச்சீட்டில் பெயர் எழுதி, வாசலில் நின்ற காவலரின் தொப்பியில் போட்டுக் குலுக்கி, தட்டச்சுக்காரியை எடுக்கச் சொன்னார். லாரிக்காரர் வந்தார். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் அவரே வந்தார். தொகுதியின் பதினைந்து வருடம் அந்தத் தொப்பிக்குள்ளிருந்து வந்தது என்பார்கள். பத்தாவதில்தான் ஒரு நீச்சல் பயிற்சியாளர் அவரைத் தோற்கடித்தார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“சமமாமேடா! நான் மருந்துக்கடைக்குத்தான் போட்டேன். முட்டி வலிக்குதுன்னு நான் மட்டும் போகாம இருந்திருந்தா? ஒண்ணுல தோத்திருப்பான் மனுஷன். என்னாலதான் குலுக்கல் வரைக்கும் வந்தான்.”

மறுநாள் காலை தெருவுக்கே தெரிந்தது. மருந்துக்கடைக்காரருக்கும் போயிற்று. அவர் தோற்றதற்கு முகம் சுளிக்காமல் கடையைத் திறந்து வைத்திருந்தார். அன்று முதல் அந்தக் கடையில் அம்மாவுக்கென்று ஒரு முக்காலி. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அவளுக்குத்தான் முதலில் மாத்திரை. “அக்கா, நீங்க அன்னைக்கு இன்னும் ஒரே ஒருத்தரைக் கையோட கூட்டிட்டு வந்திருந்தா நான் மந்திரி.” “என் மகனைத்தான்பா கூட்டிட்டு வந்திருப்பேன். அவன் டூட்டின்னு போயிட்டான்.” இருபது வருடமாக ஒரே நகைச்சுவை, இருவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்கள். மகன் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பார்.

எட்டு, ஒன்பது, பத்து. மூன்று முறையும் அந்த வட்டம் அவர் மேசைக்கு வந்தது. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்ததால் யாரும் வாதாடவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறார். குறி போடாதேம்மா என்று சொன்னால், ஏன் என்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் அது நேராக அந்த முக்காலியில்தான் போய் முட்டும்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா சாய்வு நாற்காலியில், ஒரு கண்ணில் பஞ்சும் பட்டையுமாக. புரை எடுத்து நான்கு நாள்.

“அந்தப் பொண்ணு இப்பதான் வந்துட்டுப் போச்சு. நல்லாப் பேசினேன்” என்றாள். “கண்ணைக் கட்டியிருக்கேன், எதுக்கு போட்டோன்னேன். பரவாயில்ல பாட்டி, போர்வீரர் மாதிரி இருக்கீங்கன்னுச்சு.”

“என்ன கேட்டாங்க?”

“என்ன கேப்பாங்க, குலுக்கல் கதைதான். சரி, அந்தக் காகிதத்தை எடுத்துப் படி.”

வாக்களிப்பது எப்படி என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வீட்டுக்கு வீடு ஒரு காகிதம் வரும். இதுவரை அம்மா அதை மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைப்பாள், ஆடாமலிருக்க.

“உனக்குத் தெரியாததா?”

“கண்ணு மூடிக் கிடக்கேன், பொழுது போகல. படிடா.”

படித்தார். அடையாள அட்டை கொண்டுவரவும். திரைக்குப் பின்னால் ஒருவர் மட்டும் செல்லவும். விரும்பும் வேட்பாளருக்கு எதிரே உள்ள கட்டத்தில் பெருக்கல் குறி இடவும். நான்காவது வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். கண் கட்டியவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் எழுதியிருப்பதில் ஒரு வரியை விட்டுப் படித்து அவருக்குப் பழக்கமில்லை.

“வாக்காளரைக் கண்டுகொள்ளக் கூடிய குறியோ எழுத்தோ கையொப்பமோ இருந்தால் அந்த வாக்கு செல்லாது.”

“இன்னொரு தடவை படி.”

படித்தார்.

“இது எப்பலேர்ந்து?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“இந்தத் தடவைதான்மா. புதுசாப் போட்டிருக்காங்க.”

“போன தடவை?”

“இல்ல.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடியும் இல்ல. அப்பல்லாம் செல்லும்.”

செல்லும் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

“குறி போட்டா என்னடா குத்தம்? எங்க இடத்துல குறி இல்லாத கோப்பை வாசல் தாண்டாது. பார்த்தவ நான்தான்னு நான் ஒத்துக்கணும். ஓட்டும் அப்படித்தானே? போட்டுட்டு, நான் போடலன்னு ஒளிஞ்சுக்கிறதா?”

“ஒத்துக்கக் கூடாதாம்மா. அதான் சட்டம்.”

“நல்ல சட்டம். மொட்டைக் கடுதாசிக்குத்தான் மரியாதை.”

“அத்தை, ரகசிய ஓட்டுன்னா அதானே?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“ரகசியமாத்தான்மா போட்டேன். திரைக்குப் பின்னாடிதானே நின்னேன்?”

மருமகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கட்டாத கண்ணால் மகன் இருந்த பக்கம் திரும்பினாள்.

“அந்தக் குலுக்கல் வருஷம் நீதானே அந்த மேசையில இருந்த?”

“ஆமா.”

“என் குறி போட்டது உன்கிட்ட வந்துச்சா?”

காகிதத்தை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார்.

“வரலம்மா. செல்லாததுதான் என் மேசைக்கு வரும். செல்றதெல்லாம் அங்கங்க மத்த மேசையிலேயே கட்டி வெச்சிடுவாங்க. பன்னெண்டு மேசை இருக்குல்ல.”

அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடியே இருந்தாள், அவர் பேசி முடித்த பிறகும்.

“சரி” என்றாள்.

வாக்குச்சாவடிக்கு அவர்தான் அழைத்துப்போனார். துணைக்கு ஆள் வரலாம் என்று சாவடி அலுவலர் சொன்னதற்கு, அம்மா “ஒரு கண்ணு போதும், ரெண்டு கோடுதானே” என்று திரைக்குப் பின்னால் தனியாகப் போனாள். வெளியே வர வழக்கத்தைவிட நேரமானது.

“போட்டாச்சு” என்றாள் படியிறங்கும்போது. “மொட்டையாப் போட்டுட்டு வந்துட்டேன். கையே ஓடல.”

மறுநாள் எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். சந்தேக மேசைக்கு மொத்தம் இருநூற்று ஏழு சீட்டுகள் வந்தன. அறுபத்து நான்கு செல்லும் என்றார், நூற்று நாற்பத்து மூன்று செல்லாது என்றார். தொகுதியின் பொதுத்தேர்தல்களில் அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை. அம்மாவின் வாக்குச்சாவடியிலிருந்து நான்கு வந்தன. இரண்டில் இரு பெயர்களுக்கு நேரே குறி. ஒன்று பாதியில் கிழிந்தது. ஒன்றில் யாரோ ஒரு பூனையை வரைந்திருந்தார்கள். நான்கிலும் வட்டம் இல்லை.

பதினொன்றரை மணி இடைவேளையில் ஆறாவது மேசைக்குப் போனார். அந்தச் சாவடியின் சீட்டுகளை அங்கே ஐம்பது ஐம்பதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெருக்கல் குறிகள். சில அழுத்தமாக, சில சாய்வாக, சில கட்டத்தைத் தொட்டும் தொடாமலும். எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

“என்ன சார், எங்க மேசையிலயும் சந்தேகமா?” என்று அங்கிருந்தவர் கேட்டார்.

“இல்ல” என்று திரும்பி வந்தார்.

நீச்சல் பயிற்சியாளர் இரண்டாயிரத்து நூற்றெட்டு வாக்கில் மறுபடி வென்றார். நான்கு மணிக்குக் கையெழுத்துப் போட்டு, பூதக்கண்ணாடியையும் ரப்பர் உறையையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் மருந்துக்கடைக் கண்ணாடியில் அன்றைய செய்தித்தாளின் முழுப்பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். கண்ணில் பட்டையோடு அம்மா. கீழே, சமன் செய்த ஒரு வாக்கு என்று பெரிய எழுத்தில்.

வீட்டில் அவருக்குத் தேநீர் வந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

“எத்தனை?”

“நூத்து நாப்பத்து மூணு.”

“என்னோடது கண்ணுல பட்டுச்சா?”

“இல்லம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு.”

தலையாட்டினாள். அவர் குடித்து முடித்ததும் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு தடவித் தடவி அடுப்படிக்குப் போனாள். கழுவினாள். காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, நகத்தால் விளிம்பில் தட்டினாள்.

டொக் என்றது.

அவருக்குக் கேட்டது. மாவு சலித்துக்கொண்டிருந்த மருமகளுக்கும் கேட்டது; சலிப்பதை நிறுத்திவிட்டு, குப்பைக் கூடையைக் காலால் அத்தை பக்கம் தள்ளி வைத்தாள். அம்மா இன்னொரு தடவை தட்டினாள். பிறகு கோப்பையைத் துணியால் துடைத்து, மற்ற எட்டுக்கும் நடுவில் இடம் பண்ணி, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.